சுத்தமான குரல் யாருக்கு வேண்டும்?

கடந்த ஏப்ரல் 14 அன்று ஓசூர் சிப்காட்டை ஒட்டிய ஒரு காலனியில் டெம்போவில் நான்கு பெட்டி கட்டி, அண்ணல் படத்துக்கு மாலை போட்டு, எங்கள் படிப்பகத்துத் தம்பிகள் தாங்களே தயாரித்த பாட்டை முதன்முதலாக ஒலிக்கவிட்டார்கள். வரிகள் தம்பிகளுடையவை. மெட்டும் தாளமும் குரலும் ஏஐ செயலி கொடுத்தவை. கூட்டம் நன்றாகவே ஆடியது. பல்லவியில் 'எங்கள் சேரி' என்று தொடங்கும் ஒரு வரி உண்டு. அந்தப் பெண் குரல் தேன் குழைத்து 'எங்கள் செர்ரி' என்று பாடியது. ஒருமுறை அல்ல, பல்லவி திரும்பும்போதெல்லாம். பொடிசுகள் அன்று ராத்திரி வரைக்கும் 'செர்ரி, செர்ரி' என்று கத்திக்கொண்டு தெருவில் ஓடினார்கள்.

நாங்களும் சிரித்தோம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள் தோழர்களே. வசைச்சொல்லாக நம் மீது எறியப்பட்ட ஒரு சொல்லை நம் பாடகர்களும் எழுத்தாளர்களும் பல பத்தாண்டுகளாகப் போராடி, நெஞ்சை நிமிர்த்திச் சொல்லும் சொல்லாக மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். இயந்திரம் அதைக் கேக்கின் மேல் வைக்கிற பழமாக்கிவிட்டது.

தம்பிகளுக்கு அவமானமாகிவிட்டது. மறுவாரமே வந்து உட்கார்ந்தார்கள். "அந்தக் குரலை எப்படி நல்லாக்குறது? சொல்லிக் குடுங்க." எங்களில் யாரும் சவுண்டு இன்ஜினியர் இல்லை. சமூகப்பணி செய்கிறவர்கள், ஓரளவு கணினி தெரிந்தவர்கள். தேடினோம், படித்தோம், மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஒரு கல்நார் ஷீட் போட்ட அறையில் மடிக்கணினியோடு கிடந்தோம். இந்தப் பதிவு அந்தக் கேள்விக்கு நாங்கள் கண்ட பதில். பாதி தொழில்நுட்பம், பாதி சண்டை. சண்டை எங்களோடும் சேர்த்துத்தான்.

முதலில் செர்ரி. காரணம் சின்னது. தம்பிகள் வரிகளை வாட்ஸ்அப் பழக்கத்தில் ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தார்கள். இயந்திரம் அதை ஆங்கிலச் சொல்லாகவே வாசித்தது. வரிகளைத் தமிழ் எழுத்திலேயே கொடுங்கள், பாதிப் பிழை போகும். அப்போதும் ழகரம் லகரமாகும். 'வாழ்வு' என்று எழுதினால் 'வால்வு' என்று பாடும் (சிப்காட்டில் அந்தப் பாட்டுக்கும் மார்க்கெட் உண்டு என்றான் ஒரு தம்பி). அடம்பிடிக்கிற சொல்லைப் பிரித்து எழுதிப் பாருங்கள், நெடிலை இழுத்து எழுதிப் பாருங்கள். ஒரே வரியை ஏழெட்டுத் தடவை பாடவிட்டு, எதில் எந்தச் சொல் ஒழுங்காக வந்திருக்கிறதோ அதை மட்டும் வெட்டி ஒட்டுங்கள். இதற்கு 'காம்பிங்' என்று பெயர். ஸ்டுடியோக்களில் மனிதப் பாடகர்களுக்கும் இதைத்தான் செய்கிறார்கள்.

அடுத்தது அந்தத் தகர ஓசை. செயலி தரும் பாட்டில் குரலும் வாத்தியமும் ஒன்றாகக் கலந்து வரும். அதிலிருந்து குரலைப் பிரித்தால் மேலே ஒரு சலசலப்பும், தண்ணீருக்குள் இருந்து பாடுவது போன்ற குழைவும் ஒட்டிக்கொண்டே வரும். அதனால் ஆரம்பத்திலேயே வாத்தியம் குறைவாகக் கேளுங்கள், முடிந்தால் குரல் மட்டும் கேளுங்கள். எதிரொலி வேண்டாம் என்றும் சொல்லுங்கள். ஒருமுறை கலந்து வந்த எதிரொலியைப் பிறகு முழுசாக உரிக்க முடியாது. பிரிப்பதற்கு 'அல்டிமேட் வோக்கல் ரிமூவர்' இருக்கிறது, இலவசம். பிரித்த குரலை ஈக்வலைசரில் போட்டு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், அங்கே உறுமல் மட்டும்தான் இருக்கும். 300, 400 ஹெர்ட்ஸ் பக்கம் மூக்கடைத்த மாதிரி இருந்தால் இரண்டு மூன்று டெசிபெல் குறையுங்கள். 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் 'ஸ', 'ஷ' ஓசைகள் காதைக் கீறும், அதற்கு 'டி-எஸ்ஸர்' என்று ஒரு கருவி. 15,000க்கு மேலே இருப்பதில் பெரும்பகுதி குப்பைதான், மெதுவாகச் சரித்துவிடலாம். கடைசியாக ஒரு சின்ன அறையின் எதிரொலியைச் சேர்த்தால் குரலும் வாத்தியமும் ஒரே இடத்தில் இருப்பது போலத் தோன்றும். எல்லாவற்றையும் ஹெட்போனில் மட்டும் கேட்டு முடிவு பண்ணாதீர்கள். நம் பாட்டு ஒலிக்கப்போவது டெம்போ பெட்டியில். அதில் போட்டுக் கேளுங்கள்.

இத்தனையும் செய்தோம். குரல் சுத்தமானது. கேட்டால் ஒன்றுமே நடக்கவில்லை. செல்போன் கம்பெனியின் காத்திருப்புக் குரலுக்கு அம்பேத்கர் பாட்டைப் பாடக் கொடுத்தது போல இருந்தது.

மறுபடியும் தேடினோம். இந்த வேலையில் பழகியவர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே யோசனைகளைத்தான் சொல்கிறார்கள். வரிகளுக்கு நடுவே மூச்சைச் சேர். தாளத்தோடு கச்சிதமாக விழுகிற சொல்லைக் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளு. சுருதியைக் கொஞ்சம் அசைய விடு. நிஜமான ஓர் ஆளைப் பாட வைத்து அந்தக் குரலை அடியில் மெல்லிசாக ஓட விடு, சொல்லின் ஓரங்கள் கூர்மையாகும். நாங்களும் ஓட விட்டோம். கார்மென்ட்ஸில் வேலை செய்கிற ஓர் அக்கா, பகல் ஷிப்ட் முடித்து வந்து, கயிற்றில் கம்பளி தொங்கவிட்ட மூலையில் நின்று, செல்போனில் பாடினார். நெடுஞ்சாலையில் லாரி போகிற சத்தம் வேறு. முதலில் அக்காவின் குரல் 20 பங்கு, இயந்திரக் குரல் 80 பங்கு என்று வைத்தோம். கேட்கக் கேட்க ஒரு தம்பி அக்காவின் ஃபேடரை ஏற்றிக்கொண்டே போனான். 40, 60. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை இயந்திரக் குரலை மியூட் செய்துவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தான். "இது எதுக்குண்ணா?"

நாங்கள் சொல்ல வந்தது இதுதான். இயந்திரக் குரலை நல்லதாக்கச் சொல்லப்படும் ஒவ்வொரு வழியும் ஒரு மனிதரிடமிருந்து எதையாவது கடன் வாங்குகிற வழி. மூச்சைக் கடன் வாங்கு, தடுமாற்றத்தைக் கடன் வாங்கு, அறையைக் கடன் வாங்கு, கடைசியில் தொண்டையையே கடன் வாங்கு. அப்படியானால் யாரிடம் வாங்குகிறோம், கேட்டு வாங்குகிறோமா, திருப்பிக் கொடுக்கிறோமா என்று பார்க்க வேண்டாமா?

'டெக்னாலஜிக்கு ஏதுண்ணா சாதி?' என்று ஒரு கேள்வி வரும். ஒவ்வொரு கூட்டத்திலும் வருகிறது. 2024 ஜூனில் அமெரிக்காவின் பெரிய இசை நிறுவனங்கள் சூனோ, யூடியோ என்ற இரண்டு செயலிகள் மேல் வழக்குப் போட்டன. ஆகஸ்டில் சூனோ நீதிமன்றத்தில் பதில் தாக்கல் செய்தது. திறந்த இணையத்தில் கிடைக்கிற, ஓரளவு தரமான இசைக் கோப்புகள் ஏறத்தாழ அத்தனையும் பயிற்சிக்குப் பயன்பட்டதை அது மறுக்கவில்லை. அது சட்டத்துக்கு உட்பட்ட நியாயமான பயன்பாடு என்பதுதான் அதன் வாதம். பிறகு 2025இல் யுனிவர்சல் யூடியோவோடும், வார்னர் சூனோவோடும் சமரசம் பேசிக் கையெழுத்துப் போட்டுவிட்டன. பெரியவர்கள் பெரியவர்களோடு கணக்குத் தீர்த்துக்கொண்டார்கள்.

எங்களை உறுத்துவது அந்த 'ஓரளவு தரமான' என்கிற சொல். இணையத்தில் தரமான ஒலிப்பதிவாக இருப்பது யாருடைய பாட்டு? சபாவில் பாடியது இருக்கிறது. சினிமாவில் பாடியது இருக்கிறது. தளி, கெலமங்கலம், அஞ்செட்டி பக்கம் சாவு வீட்டில் பாடிய ஒப்பாரி எந்த ஸ்டுடியோவில் பதிவாகியிருக்கிறது? நாற்று நடும்போது பாடியதை யார் 44,100 மாதிரி வீதத்தில் பிடித்து வைத்தார்கள்? இருப்பதெல்லாம் தேய்ந்த கேசட்டும், கூட்டத்தின் இரைச்சலோடு எடுத்த செல்போன் வீடியோவும்தான். அந்தக் கணக்கில் நம் பாட்டு 'தரம்' என்ற வாசலிலேயே நின்றுவிடுகிறது. அப்புறம் அதே இயந்திரத்திடம் போய் "கிராமத்துப் பெண் குரல், உணர்ச்சியோடு" என்று கேட்டால் அது எதைக் கொடுக்கும்? சினிமா எதைக் கிராமத்துக் குரல் என்று காட்டியதோ அதைத்தான் கொடுக்கும்.

சினிமா எப்படிக் காட்டியது என்பது நமக்குத் தெரியும். 1985இல் 'ஆண்பாவம்' படத்தில் கொல்லங்குடி கருப்பாயி வந்தார். 2003இல் 'தூள்' படத்தில் பரவை முனியம்மா வந்தார். இருவரையும் ஊரே கொண்டாடியது. ஆனால் கதாநாயகிக்கு அந்தக் குரல் போகவில்லை. பாட்டிக்கும் திருவிழாவுக்கும்தான் போனது. தமிழகத்தில் எந்தப் பெண் குரல் 'நல்ல' குரலாக ஆனது, அது எப்படிக் 'குடும்பப் பெண்' என்ற கருத்தோடு ஒட்டிக்கொண்டது என்று அமண்டா வைட்மன் என்ற மானுடவியலாளர் இரண்டு புத்தகங்களே எழுதியிருக்கிறார், 2006இல் கர்நாடக இசை பற்றி, 2021இல் சினிமாப் பின்னணிப் பாட்டு பற்றி. சமூகவியல் படிக்கிற தம்பி தங்கைகள் தேடிப் பிடித்துப் படியுங்கள். அதைப் படித்துவிட்டு ஒலியைத் திருத்துகிற மென்பொருள்களைத் திறந்து பாருங்கள். பலவற்றில் 'சுத்தம் செய்' என்று ஒரு வசதி இருக்கும். நமக்கு ரொம்பப் பழக்கமான சொல்.

இயந்திரத்தின் 'சுத்தம்' எதையெல்லாம் அழிக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாட்டைக் கே.ஏ. குணசேகரன் பாடியதைக் கேட்டிருப்பீர்கள். 1968 டிசம்பர் 25இல் கீழவெண்மணியில் 44 பேரை எரித்த தீ அந்தக் குரலில்தான் நமக்கு வந்து சேர்ந்தது. அந்தத் தொண்டையின் கரகரப்பை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? நாங்கள் இருப்பதோ மூன்று மொழி எல்லை. அத்திப்பள்ளி போனால் கர்நாடகம். இங்கே ஒரே காலனியில் தமிழ் பேசுகிற வீடும், தெலுங்கு பேசுகிற வீடும், கன்னடம் பேசுகிற வீடும் இருக்கும். நாங்கள் பறை என்பதைப் பக்கத்து வீட்டில் டப்பு என்பார்கள், அதற்கடுத்த வீட்டில் தமட்டே என்பார்கள். அடி விழுகிற தோல் ஒன்றுதான். அந்தப் பக்கத்திலிருந்து 1970களில் தலித் சங்கர்ஷ சமிதியின் பாட்டுகளும் சித்தலிங்கையாவின் கவிதைகளும் இந்த ஊர்களுக்குள் வந்தன. தெலுங்கிலிருந்து கத்தர் வந்தார். கத்தரின் குரலை டி-எஸ்ஸரில் போட்டுத் தடவிக் கொடுத்துப் பாருங்கள். எங்கள் பிள்ளைகள் பேசுகிற தமிழில் கன்னட இழுப்பும் தெலுங்கு முடிப்பும் கலந்திருக்கும். பெங்களூரு கம்பெனி நேர்காணலில் அதைச் சொல்லிச் சிரித்த மேனேஜர்களை எங்களுக்குத் தெரியும். அதே வேலையை இந்த இயந்திரம் சத்தமில்லாமல் செய்கிறது, நாமே அதற்கு மாதச் சந்தா கட்டுகிறோம்.

இனி எங்கள் சொந்தத் தப்புக்கு வருகிறோம். இதை எழுதலாமா வேண்டாமா என்று எங்களுக்குள் இரண்டு நாள் பேச்சு நடந்தது.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஒரு யோசனை வந்தது. செயலியின் குரலே வேண்டாம், நம்ம ஆயா குரலில் பாட வைத்தால் என்ன? காலனியில் ஒப்பாரிக்குப் பேர்போன ஓர் ஆயா இருக்கிறார். எழுபதைத் தாண்டிய வயது. குரலை மாற்றிப் பாட வைக்க ஆர்விசி என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. இரைச்சலில்லாத பத்து நிமிடக் குரல் கொடுத்தால் ஓரளவு மாதிரி தயாராகிவிடும். பிறகு யார் பாடினாலும் அது அந்தக் குரலாக மாறும். பத்து நிமிடத்துக்கு எங்கே போவது? ஒரு தம்பியின் செல்போனில் இருந்தது. ஆயாவின் தம்பி இறந்தபோது, ராத்திரி எல்லோரும் ஓய்ந்த பிறகு, ஆயா தனியாக உட்கார்ந்து பாடியது. அதனால்தான் இரைச்சல் இல்லாமல் இருந்தது.

நாங்கள் தடுக்கவில்லை. அதைத்தான் சொல்ல வேண்டும். 'கேட்டுட்டுப் பண்ணுங்கடா' என்றுகூடச் சொல்லவில்லை. நம்ம ஆயா, நம்ம தம்பிகள், நம்ம பாட்டு என்று நினைத்துக்கொண்டோம். குரல் அபாரமாக வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எங்களுக்குப் புல்லரித்தது. பெருமையாக ஆயா வீட்டுத் திண்ணையில் போய்ப் போட்டுக் காட்டினார்கள்.

ஆயா முழுசாகக் கேட்டார். "நான் எப்படா இதப் பாடுனேன்?" என்றார். தம்பி விளக்கினான். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எந்தம்பி பொணத்துக்கு முன்னால அழுத தொண்டைய எடுத்து டெம்போவுல கட்டி ஆடப் போறீங்களா, சாமி?" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். உள்ளே போய்விட்டார்.

ஆண்டை வீட்டுச் சாவுக்கு நம் ஆட்களைக் கூப்பிட்டு அழ வைத்தார்கள், அடிக்க வைத்தார்கள் என்று எத்தனை மேடையில் பேசியிருக்கிறோம்? அந்த அழுகைக்கும் அடிக்கும் இஷ்டத்துக்கு ஒரு கூலி போட்டார்கள், மறுக்கிற உரிமையைக் கொடுக்கவில்லை என்று எத்தனை துண்டறிக்கையில் எழுதியிருக்கிறோம்? நாங்கள் கூலியும் போடவில்லை, கேட்கவும் இல்லை. 'நம்ம ஆயா' என்கிற அந்த 'நம்ம'வில்தான் எல்லாம் ஒளிந்திருக்கிறது. நிலம் வைத்திருந்தவனும் 'நம்ம ஆளு' என்றுதான் சொன்னான்.

பெரிய இடங்களில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். 2024இல் 'லால் சலாம்' படத்தின் ஒரு பாட்டில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏ.ஆர். ரகுமான் ஏஐ மூலம் கொண்டுவந்தார். இரண்டு குடும்பங்களிடமும் அனுமதி வாங்கி, உரிய தொகையும் கொடுத்ததாக அப்போதே அவர் வெளிப்படையாகச் சொன்னார். இறந்தவர் சார்பில் குடும்பம் சம்மதம் கொடுக்கலாமா என்பது தனிக் கேள்வி. இருந்தாலும் கேட்டார், கொடுத்தார். அதே காலத்தில் ஒரு தெலுங்குப் படத்தில் எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரலை இப்படி உருவாக்கியதற்கு, தங்களைக் கேட்கவில்லை என்று அவர் குடும்பம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. 2024 ஜூலையில் அரிஜித் சிங் மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போய், தன் குரலை ஏஐ கருவிகள் அனுமதியில்லாமல் நகலெடுப்பதற்கு எதிராக இடைக்காலத் தடை வாங்கினார். அடுத்த ஆண்டு ஆஷா போஸ்லேவும் அங்கே அதே மாதிரி பாதுகாப்புப் பெற்றார்.

நல்லது. ஆயா எந்த உயர் நீதிமன்றத்துக்குப் போவார்? இந்த நபர்சார் உரிமைக்கு நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. புகழ்பெற்றவர்களின் வழக்குகளில் நீதிமன்றங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியெழுப்பிய உரிமை அது. உன் குரலுக்குச் சந்தையில் மதிப்பு இருக்கிறது என்று காட்டினால் பேச்சு எடுபடும். ஆனால் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தைத் திறந்து பாருங்கள். 'நிகழ்த்துநர்' யார் என்று அது ஒரு பட்டியல் கொடுக்கிறது. பாடகர், நடனக்காரர், வித்தை காட்டுபவர், பாம்பாட்டிகூட அதில் உண்டு. நேரில் ஒன்றை நிகழ்த்துகிற வேறு யாராக இருந்தாலும் சரி என்றும் சொல்கிறது. 38ஆம் பிரிவு நிகழ்த்துநர் உரிமையை 50 ஆண்டுகளுக்குக் கொடுக்கிறது. 2012 திருத்தத்தில் வந்த 38பி பிரிவு, தன் பெயர் சொல்லப்பட வேண்டும், தன் நிகழ்த்தலைச் சிதைத்துத் தன் பேருக்குக் களங்கம் வரக்கூடாது என்று கேட்கிற உரிமையையும் கொடுக்கிறது. சட்டம் படிக்கிற தோழர்களே, பாம்பாட்டிக்கு இருக்கிற இடம் ஒப்பாரி பாடுகிற பெண்ணுக்கு இல்லையா? இதை வழக்காக எடுத்துச் செல்ல ஆள் வேண்டும். குரலின் சாயலை நகலெடுப்பது பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு வரி இல்லை என்பதும் உண்மை. அதைக் கேட்க வேண்டியதும் நாம்தான். சங்கம் வைத்திருக்கிற பின்னணிப் பாடகர்கள் நமக்காகக் கேட்க மாட்டார்கள்.

'என்ஜாய் எஞ்சாமி' 2021இல் உலகமெல்லாம் ஒலித்தது. அதை எழுதிப் பாடிய அறிவு இல்லாமல் அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டை வந்தது. பா. ரஞ்சித் கேள்வி எழுப்பி, சமூக ஊடகங்களில் சண்டை நடந்த பிறகுதான் அறிவுக்குத் தனியாக டிஜிட்டல் அட்டை போட்டார்கள். உயிரோடு, கண் முன்னால், மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒருவரையே அட்டையிலிருந்து எடுக்க முடிகிற நாட்டில், இயந்திரக் குரலுக்குப் பின்னால் இருக்கிற பெயரை யார் தேடப் போகிறார்கள்?

இதற்காக ஏஐ பக்கமே போகாதீர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒலிபெருக்கி வந்தபோது எடுத்துக்கொண்டோம், கேசட் வந்தபோது எடுத்துக்கொண்டோம். தம்பிகள் எங்களிடம் கேட்டதும் நியாயமான கேள்விதான். "ஸ்டுடியோ வாடகை நீங்க தருவீங்களா? மெட்டு போட நமக்கு யாரு இருக்கா?" மெட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தாளம் சரியா என்று பார்க்க, பாடுகிறவருக்கு வழிகாட்டும் தடமாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் எங்களுக்குச் சண்டை இல்லை.

ஒரு தங்கை சொன்னதுதான் எங்களை நிஜமாகவே யோசிக்க வைத்தது. கம்பெனி விடுதியில் தங்கி வேலை செய்கிறவள். நன்றாகப் பாடுவாள். சாதி மாறிக் காதலிப்பவர்களுக்கு இந்த மாவட்டத்தில் என்ன நடக்கிறது என்று ஒரு பாட்டு எழுதி வைத்திருக்கிறாள். "என் குரல்ல போட்டா வீட்டுல கண்டுபிடிச்சிடுவாங்க. மெஷின் குரல்ல போட்டா நான் உயிரோட இருப்பேன்" என்றாள். இதற்கு எதிராக எந்தக் கொள்கையைப் பேசுவது? நாங்கள் பேசவில்லை. ஆனால் அவளுக்கும் செயலி தருகிற தேன் குரல் பிடிக்கவில்லை. கடைசியில் அவளே பாட்டு முழுவதையும் பாடினாள். குரல் மாற்றும் மென்பொருளில் போட்டுக் குரலின் சாயலை மட்டும் மாற்றினோம். மாதிரிக்கு எங்களில் ஒருவர் தன் குரலைப் பத்து நிமிடம் வாசித்துக் கொடுத்தார், எதற்கு என்று தெரிந்தே. மூச்சு அவளுடையது, நிறுத்தம் அவளுடையது, எந்தச் சொல்லில் குரல் உடைய வேண்டும் என்பதும் அவளுடையது. முகமூடியை அவளே தேர்ந்தெடுத்தாள். அதோடு இதுவரை நாங்கள் கேட்ட ஏஐ குரல்களிலேயே அதுதான் நன்றாகவும் இருக்கிறது. வரியைத் தட்டிக் கொடுத்தால் வருகிற குரலைவிட, ஒருவர் பாடியதை மாற்றி வருகிற குரல் எப்போதும் உயிரோடு இருக்கும். எல்லாச் சரிக்கட்டல்களையும்விடப் பெரிய சரிக்கட்டல் இதுதான். இரண்டு மணி நேரம் ஈக்வலைசரோடு மல்லுக்கட்டுவதற்குப் பதில் இருபது நிமிடம் பாடிப் பாருங்கள். சுருதி தவறினாலும் பாடுங்கள். சுருதியைத் திருத்தக் கருவி இருக்கிறது, திருத்தாமல் விட்டாலும் குடி முழுகிப் போகாது.

ஆயா விஷயம் முடியவில்லை. இரண்டு வாரம் எங்களோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் அவரே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். பாடுகிறேன் என்றார், இரண்டு நிபந்தனை போட்டார். ஒன்று, சாவுக்கு மேளம் போகிறவர்களுக்கு ஓர் ஆளுக்கு என்ன கொடுப்பார்களோ அது தனக்கும் வேண்டும், பாட்டு முடிந்த கையோடு. இரண்டாவது, அந்த அழுகையை அழிக்க வேண்டும், தன் கண் முன்னால். ஒப்புக்கொண்டோம். ஹெட்போன் மாட்ட மாட்டேன் என்றுவிட்டார். தாளத்தின் டிக் டிக் சத்தம் எரிச்சலாக இருக்கிறது என்று அதையும் நிறுத்தச் சொன்னார். அதனால் அவர் பாடி முடித்த பிறகு, அவர் போன வேகத்துக்குப் பறையை அடித்துச் சேர்த்தோம். வேகம் நடுவில் கூடுகிறது, கடைசியில் இறங்குகிறது. பின்னணியில் ஒரு சேவல் கூவுகிறது. எடுக்கவில்லை. 'சேரி' என்று அவர் சொல்கிற விதத்தில் ஒரு தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. 'சேர்ரி' என்று அவரும் கொஞ்சம் அழுத்தித்தான் சொல்கிறார். அது வேறு அழுத்தம்.

அழுகைக் கோப்பைத் தம்பி அவர் முன்னாலேயே செல்போனிலிருந்தும் மடிக்கணினியிலிருந்தும் அழித்தான். அதை வைத்துத் தயாரித்த குரல் மாதிரியையும் அழித்தான். ஆனால் திண்ணையில் போட்டுக் காட்டுவதற்கு முந்தின ராத்திரி, குஷியில், அந்தப் பாட்டை மூன்று வாட்ஸ்அப் குழுக்களில் போட்டிருந்தார்கள். அங்கிருந்து எங்கெல்லாம் போயிருக்கிறது என்று தெரியவில்லை. ஓர் ஆயாவின் குரலில் அண்ணலைப் பற்றி ஒரு பாட்டு, இரண்டரை நிமிடம் ஓடும், பின்னணியில் எலக்ட்ரானிக் டிரம், பாடியவர் பெயர் இருக்காது. உங்கள் செல்போனில் வந்திருந்தால் அதை யாருக்கும் அனுப்பாதீர்கள், அழித்துவிடுங்கள். சேவல் கூவுகிற பாட்டை அடுத்த வாரம் இங்கே போடுகிறோம். ஆயா தன் பெயரைப் போடச் சொல்லிவிட்டார்.

ஜெய்பீம்.